முட்டி வலிக்குப் போனா பி.பி. பார்க்கிறாங்களே, ஏன்? இதய நோயாளிகளை பிசியோதெரபிஸ்ட் மதிப்பிடுவது இப்படித்தான்!

அம்மாவுக்கு முட்டி வலி. பக்கத்துத் தெரு பிசியோதெரபி கிளினிக்குக்கு அழைத்துப் போகிறீர்கள். 'கரன்ட் வெச்சு, நாலு எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்து அனுப்பிடுவாங்க' என்பதுதான் நினைப்பு. ஆனால் அங்கே முட்டியைத் தொடுவதற்கு முன்பே கையில் பி.பி. பட்டையைச் சுற்றுகிறார்கள். "ராத்திரி எத்தனை தலையணை வெச்சுப் படுக்கிறீங்கம்மா?" என்று கேட்கிறார்கள். முட்டிக்கும் தலையணைக்கும் என்ன சம்பந்தம் என்பதுபோல அம்மா உங்களைப் பார்க்கிறார்.

சம்பந்தம் இருக்கிறது. இப்படிக் கேட்கிற கிளினிக் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

முட்டித் தேய்மானம், தோள் இறுக்கம், இடுப்பு வலி எல்லாம் வருகிற அதே வயதில்தான் சர்க்கரை, பிரஷர், ஸ்டென்ட், பைபாஸ் எல்லாமும் வருகின்றன. 'நான் இதய நோயாளி' என்று சொல்லிக்கொண்டு யாரும் பிசியோதெரபிக்கு வருவதில்லை. முட்டி வலிக்காரராக, கழுத்து வலிக்காரராகத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கப்போவது உடற்பயிற்சி. அதாவது, இதயத்துக்கு வேலை.

2019-ல் வெளியான ஓர் அமெரிக்க சர்வே இதைப் பற்றி நேரடியாகவே கேட்டது. வெளிநோயாளிகளைப் பார்க்கும் 1,812 பிசியோதெரபிஸ்ட்டுகள் பதில் சொன்னார்கள். தங்களிடம் வருபவர்களில் குறைந்தது பாதிப் பேருக்கு இதய நோயோ, அது வருவதற்கான ஆபத்தோ இருக்கிறது என்றார்கள் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர். ஆனால், புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே பி.பி., நாடித்துடிப்பு இரண்டையும் பார்ப்பதாகச் சொன்னவர்கள் சுமார் 15 சதவீதம்தான். நேரமில்லை, அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை என்பவைதான் அதிகம் சொல்லப்பட்ட காரணங்கள். அங்கேயே இப்படி என்றால், மூன்று கட்டில், இரண்டு திரைச்சீலை, வாசலில் காத்திருக்கும் ஆறு பேர் என்று ஓடும் நம்மூர் கிளினிக்குகளில் என்ன நடக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை.

'அதான் ஸ்டென்ட் வெச்சு சரியாகிடுச்சே!'

முதல் சிக்கல் இங்கேதான். "இதயப் பிரச்னை ஏதாவது இருக்கா?" என்று கேட்டால் பலர் "இல்லை" என்பார்கள். பொய் சொல்வதற்காக அல்ல. மூன்று வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வைத்தாயிற்று, அடைப்பு போயிற்று, அதனால் பிரச்னை இல்லை என்பது அவர்கள் கணக்கு. ஸ்டென்ட் ஓர் இடத்தின் அடைப்பைத் திறக்கிறது. ரத்தக்குழாயில் கொழுப்பு படிகிற நோய் அப்படியேதான் இருக்கிறது.

அதனால் அனுபவமுள்ள பிசியோதெரபிஸ்ட் கேள்வியை மாற்றிக் கேட்பார். "என்னென்ன மாத்திரை போடுறீங்க? அட்டையைக் காட்டுங்க." மாத்திரை அட்டைகள் பேசிவிடும். பீட்டா பிளாக்கர் இருந்தால் நாடித்துடிப்பை அப்படியே நம்ப முடியாது. ஆஸ்பிரினுடன் க்ளோபிடோக்ரல் இருந்தால் ரத்தம் எளிதில் உறையாது. அழுத்தி மசாஜ் செய்தாலோ ஊசி குத்தினாலோ கன்றிப்போகும். நீர் பிரியும் மாத்திரை இருந்தால் படுத்து எழும்போது தலை சுற்றலாம். நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் இருந்தால் அடுத்த கேள்வி: "கடைசியா எப்ப வெச்சீங்க? இப்ப பையில இருக்கா?" கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை ஒன்று கண்ணில் பட்டால் இன்னொரு கதவும் திறக்கும். சிலருக்கு அந்த மாத்திரையாலேயே தசை வலி வரும். கால் வலி என்று வந்தவருக்கு உண்மையில் தேவை டாக்டரிடம் மாத்திரை பற்றிய ஒரு பேச்சாக இருக்கலாம்.

கடையில் சும்மா வாங்கிப் போடுகிற வலி மாத்திரையையும் கேட்பார்கள். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், பிரஷரை ஏற்றும். மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2015-ல் இந்த வகை மருந்துகளுக்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கியது. முட்டி வலிக்காரர்தான் இதை அதிகம் போடுகிறவர். அவரே இதய நோயாளியாகவும் இருந்தால்?

இப்போது தலையணை விஷயம். இதயம் பலவீனமாகி ரத்தத்தைச் சரியாகத் தள்ள முடியாவிட்டால், மல்லாந்து படுக்கும்போது நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். அதனால் அவர்களே அறியாமல் தலையை உயர்த்திப் படுக்கப் பழகிவிடுவார்கள். ஒரு தலையணை இரண்டாகும், இரண்டு மூன்றாகும். நடுராத்திரியில் எழுந்து ஜன்னலோரம் உட்காருவார்கள். கேட்டால் "வயசாயிடுச்சு, தூக்கம் வரலை" என்பார்கள். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தால் பள்ளம் நிற்கிறதா, செருப்பு வார் இறுகுகிறதா, மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடியதா என்றும் பார்ப்பார்கள். இதெல்லாம் புதிதாக ஆரம்பித்திருந்தால் அன்றைக்கு முட்டிக்குப் பயிற்சி கிடையாது. டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பிவிட வேண்டும். அப்படிப்பட்டவரை இடுப்பு வலிக்காக அரை மணி நேரம் மல்லாக்கப் படுக்கவைத்து டிராக்‌ஷன் கொடுப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கரன்ட் வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி

நம்மூரில் பிசியோதெரபி என்றாலே 'கரன்ட்' தான். கரன்ட் வைக்கவில்லை என்றால் காசுக்கு வேலை செய்யவில்லை என்று நினைக்கிறவர்களும் உண்டு. அந்த மெஷின்களில் ஷார்ட்வேவ் டயதெர்மி என்று ஒன்று இருக்கிறது. உயர் அலைவரிசை மின்காந்த ஆற்றலால் உடம்பின் ஆழத்தில் சூடு உண்டாக்கும் கருவி.

உடலுக்குள் பேஸ்மேக்கரோ, ஐ.சி.டி. எனப்படும் அதிர்வு கொடுக்கும் கருவியோ இருப்பவர்களுக்கு இதைக் கொடுக்கக் கூடாது. வலி முட்டியில்தானே, கருவி நெஞ்சில்தானே என்ற வாதம் செல்லாது. மூளைக்குள் தூண்டுதல் கருவி பொருத்தியிருந்த நோயாளிகள் டயதெர்மிக்குப் பிறகு இறந்ததாகத் தகவல்கள் வந்ததை அடுத்து, 2002 டிசம்பரில் எஃப்.டி.ஏ. ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. ஒயருடன் கூடிய எந்தக் கருவி உடலுக்குள் இருந்தாலும், அது அணைத்து வைக்கப்பட்டிருந்தாலும்கூட, டயதெர்மி வேண்டாம் என்றது. டென்ஸ், ஐ.எஃப்.டி. போன்ற மற்ற கரன்ட் வகைகளையும் இதய மருத்துவரின் அனுமதி இல்லாமல் இவர்களுக்கு வைப்பதில்லை.

காலர் எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு மேடு. சட்டைக்குள்ளோ புடவைக்குள்ளோ அது வெளியே தெரியாது. கேட்டால்தான் தெரியும். ஆகவே 'பேஸ்மேக்கர் இருக்கா?' என்று கேட்காமல் மெஷினை ஆன் செய்தால், நீங்களே சொல்லி நிறுத்துங்கள்.

தோள் வலியா, வேறயா?

இடது தோள் வலி என்று வருபவர்களிடம்தான் உண்மையான சவால். இதயத்துக்கு ரத்தம் போதாதபோது வலி நெஞ்சில் மட்டும் நிற்பதில்லை. தோள், கை, தாடை, முதுகு, மேல் வயிறு என்று எங்கே வேண்டுமானாலும் காட்டும். நெஞ்சில் வலியே இல்லாமல்கூட வரலாம். பெண்களுக்கும், நீண்டகாலமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும் வலிக்குப் பதிலாக மூச்சு வாங்குதல், அசதி, வியர்வை என்று மட்டும் தெரிவது உண்டு. 'கேஸ்தான்' என்று சோடா குடித்துவிட்டு வருகிறவர்கள் தனி ரகம்.

பிசியோதெரபிஸ்ட் இங்கே பார்ப்பது ஒரு எளிய வித்தியாசம். கையைத் தூக்கும்போது, திருப்பும்போது, ஒரு குறிப்பிட்ட இடத்தை அழுத்தும்போது அதே வலி வருகிறதா? அப்படியென்றால் பெரும்பாலும் தசை, மூட்டு சம்பந்தப்பட்டது. கையை எப்படி அசைத்தாலும் ஒன்றும் இல்லை. ஆனால் மாடி ஏறினால், பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தால், சாப்பிட்டதும் நடந்தால் வருகிறது. நின்றால் சில நிமிடங்களில் போய்விடுகிறது என்றால்? அது தோளின் கதை இல்லை. கெண்டைக்கால் வலிக்கும் இதே தர்க்கம்தான். குறிப்பிட்ட தூரம் நடந்ததும் பிடித்து, நின்றதும் விட்டால், காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பா என்று பாதத்தில் நாடி பார்ப்பார்கள். காலில் அடைப்பு இருப்பவருக்கு இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம்.

இதை வைத்து வீட்டிலேயே முடிவெடுக்க வேண்டாம். ஓய்வாக இருக்கும்போதே வலி வந்தால், வழக்கத்தைவிடக் குறைந்த வேலைக்கே வர ஆரம்பித்தால், வியர்த்துக் கொட்டினால் கிளினிக் இல்லை, 108-தான்.

ஸ்மார்ட் வாட்ச் ஏமாற்றும் இடம்

அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்த பிறகு பிள்ளைகள் வாங்கிக் கொடுக்கும் முதல் பொருள் அநேகமாக ஒரு ஸ்மார்ட் வாட்ச். 220-ல் வயதைக் கழித்து, அதில் இத்தனை சதவீதம் என்று இணையத்தில் பார்த்து 'அந்த நம்பர் வரைக்கும் நடங்கப்பா' என்று சொல்லிவிடுகிறார்கள்.

அப்பாவுக்கு வயது 60 என்றால், கணக்குப்படி உச்சம் 160. ஆனால் அவர் மெட்டோப்ரோலால் மாதிரியான பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறார். இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலையே. 110-ஐத் தொடுவதற்குள்ளேயே அவருக்கு மூச்சு வாங்கலாம். வாட்ச் மட்டும் 'இன்னும் வேகமாக' என்று பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருக்கும். துடிப்பு தாறுமாறாக இருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகளுக்கு வாட்ச் காட்டும் எண்ணே தவறாக இருக்கலாம். அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் மணிக்கட்டில் விரல் வைத்து, 15 நொடி எண்ணி நாலால் பெருக்காமல், முழு ஒரு நிமிடம் எண்ணுகிறார். எண்ணிக்கையோடு, துடிப்பு சீராக வருகிறதா என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும்.

அப்படியென்றால் எதை வைத்துப் பயிற்சியின் அளவை முடிவு செய்வது? ட்ரெட்மில் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதை வைத்து. இல்லாவிட்டால், ஓய்வு நிலைத் துடிப்பைவிட 20 முதல் 30 வரை கூடலாம் என்று எச்சரிக்கையாக ஆரம்பிப்பார்கள். அதைவிட முக்கியமாக, நோயாளியையே கேட்பார்கள். ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் உருவாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. 6-ல் ஆரம்பித்து 20-ல் முடியும். ஏன் 6? ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு வரும் என்ற கணக்கு. இதய நோயாளிகளுக்குப் பொதுவாக 11 முதல் 13 வரை, அதாவது 'லேசு' என்பதற்கும் 'கொஞ்சம் கஷ்டம்' என்பதற்கும் நடுவில் வைப்பார்கள். நம்மூரில் "உடம்பு எவ்வளவு கஷ்டப்படுது, பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்கும் இன்னொரு வடிவம் எளிது. 3, 4-க்குள் இருந்தால் சரி.

இதிலும் நம்மூருக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. "பரவால்ல சார், பண்ணிடலாம்" என்பதுதான் பெரும்பாலான அப்பாக்களின் பதில். முடியவில்லை என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைப்பார்கள். அதனால் பேச்சு கொடுத்துக்கொண்டே பயிற்சி செய்யவைப்பார்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் அளவு சரி. ஒவ்வொரு சொல்லாக வந்தால் அதிகம்.

முட்டிப் பயிற்சியில் இன்னொரு பொறி இருக்கிறது. முட்டிக்குக் கீழே டவலைச் சுருட்டி வைத்து அழுத்தி, பத்து எண்ணும் வரை பிடிக்கச் சொல்வார்கள் அல்லவா? வலியில் பலர் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள். மூச்சை அடக்கி முக்கும்போது பி.பி. சட்டென்று ஏறி, விட்டதும் இறங்கும். இதய நோயாளிக்கு இது வேண்டாத விளையாட்டு. தீர்வு ரொம்ப சிம்பிள். சத்தமாக எண்ணச் சொல்ல வேண்டும். எண்ணிக்கொண்டே மூச்சை அடக்க முடியாது.

ஆறு நிமிடம் நடந்தால்...

பெரிய மருத்துவமனைகளின் இதய மறுவாழ்வுப் பிரிவில் ஆறு நிமிட நடைப் பரிசோதனை செய்வார்கள். 30 மீட்டர் நீளத் தாழ்வாரம், இரு முனையிலும் அடையாளம், நடுவே முன்னும் பின்னும் நடை. ஓடக் கூடாது. மூச்சு வாங்கினால் நிற்கலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. எவ்வளவு தூரம், முன்னும் பின்னும் நாடி, பி.பி., ஆக்சிஜன் அளவு எவ்வளவு என்று குறிப்பார்கள். நடக்கும்போது ஊக்கப்படுத்தச் சொல்லும் வாக்கியங்கள்கூட அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கத்தின் 2002 வழிகாட்டுதலில் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒரு நாள் 'சூப்பர், சூப்பர்' என்று கத்தி, இன்னொரு நாள் சும்மா இருந்தால் ஒப்பிட முடியாது என்பதுதான் காரணம். ஓய்விலேயே நாடி 120-க்கு மேல் இருந்தாலோ, மாரடைப்போ நிலையற்ற நெஞ்சுவலியோ வந்து ஒரு மாதம் ஆகவில்லை என்றாலோ இந்தப் பரிசோதனை வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல்.

தெருமுனை கிளினிக்கில் 30 மீட்டருக்கு எங்கே போவது? அதனால் நாற்காலியிலிருந்து ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்ப்பார்கள். ஆனால் முட்டி வலிக்காரரிடம் இந்த இரண்டுமே முழு உண்மையைச் சொல்லாது. அவருடைய இதயம் திணறுவதற்கு முன்பே முட்டி 'போதும்' என்று நிறுத்திவிடும்.

இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படாத பகுதி இதுதான். முட்டி வலி ஒரு பிரேக் மாதிரி. அதனால்தான் அம்மா வேகமாக நடக்கவில்லை, மாடி ஏறவில்லை. அதனால்தான் நெஞ்சு வலியும் வரவில்லை. பிசியோதெரபி வேலை செய்கிறது, முட்டி சரியாகிறது, பத்து வருஷமாக ஏறாத கோயில் படியை ஏறுகிறார். அப்போதுதான் இதயத்தில் இருந்த அடைப்பு முதல்முறையாகத் தன்னைக் காட்டுகிறது. எனவே முதல் நாள் பார்த்த பி.பி.யும் நாடியும் நாலாவது வாரத்துக்குப் பத்தாது. நடை கூடக் கூட, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது மட்டும் இல்லை, பயிற்சியின் நடுவிலும். வேலை கூடும்போது மேல் பி.பி. ஏற வேண்டும். ஏறாமல் 10-க்கு மேல் இறங்கினால், இதயத்தால் ஈடுகொடுக்க முடியவில்லை என்று அர்த்தம். பயிற்சியை அங்கேயே நிறுத்துவார்கள். ஓய்வில் பி.பி. 180/110-ஐத் தாண்டியிருந்தால் ஆரம்பிப்பதே இல்லை.

பைபாஸ் முடிந்தவர்களுக்கு நெஞ்செலும்பும் ஒரு கேள்வி. ஒட்டிச் சேர 8 முதல் 12 வாரங்கள் ஆகும். இருமும்போது 'கிளிக்' என்று சத்தமோ அசைவோ இருக்கிறதா என்று கை வைத்துப் பார்ப்பார்கள். இருந்தால் சர்ஜனிடம் திருப்பி அனுப்ப வேண்டும். ஆனால் பயந்துபோய் மூன்று மாதம் கையையே தூக்காமல் இருந்து, தோள் இறுகிப்போய் வருகிறவர்களும் இருக்கிறார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் இதே கதைதான்.

அப்போ சும்மா இருக்கிறதே நல்லதா?

இவ்வளவும் படித்துவிட்டு அப்பாவைச் சோபாவில் உட்காரவைத்துவிடாதீர்கள். 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் 20 வயது ஆண்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்திருந்து ஆய்வு செய்தார்கள். அவர்களின் உடல் உழைப்புத் திறன் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. 30 வருடம் கழித்து அதே ஐந்து பேரைப் பரிசோதித்தபோது, 30 வருட முதுமை செய்ததைவிட அந்த மூன்று வாரப் படுக்கை அதிகம் கெடுத்திருந்தது தெரிந்தது.

இதய நோயாளிகளுக்கும் கணக்கு இதே பக்கம்தான் சாய்கிறது. 14,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கிய 63 ஆய்வுகளைத் தொகுத்த 2016 காக்ரேன் மதிப்பாய்வு, உடற்பயிற்சியுடன் கூடிய மறுவாழ்வு இதய நோயால் இறப்பதை சுமார் 26 சதவீதம் குறைப்பதாகக் கண்டது. இந்தியாவில் 24 மையங்களில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் யோகாவை மையமாக வைத்து நடந்த யோகா-கேர் ஆய்வின் முடிவு 2020-ல் வெளியானது. மறு மாரடைப்பு, இறப்பு போன்றவை புள்ளியியல்ரீதியாகக் குறைந்ததாக நிரூபிக்க முடியவில்லை. ஆனால் மாரடைப்புக்கு முன் செய்த அன்றாட வேலைகளுக்குத் திரும்புவது யோகா குழுவில் மேம்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டு வாசலுக்கே வருகிறது. அங்கேயும் இதே கேள்விகள் பொருந்தும்.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு ஒரு வாட்ஸ்அப்

நீங்கள் சென்னையிலோ பெங்களூருவிலோ இருக்கிறீர்கள், அப்பா ஊரில் தனியாக கிளினிக்குக்குப் போகிறார் என்றால், டிஸ்சார்ஜ் சம்மரியை போட்டோ எடுத்து அவர் போனில் போட்டு வையுங்கள். பிசியோதெரபிஸ்ட் அதில் தேடப்போவது சில வரிகள்தான். எந்தத் தேதியில் என்ன செய்தார்கள், எந்தக் குழாயில் இன்னும் அடைப்பு விட்டுவைக்கப்பட்டிருக்கிறது, எகோவில் இ.எஃப். எவ்வளவு. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளிருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதுதான் இ.எஃப். 50-க்கு மேல் இருந்து வேறு பிரச்னையும் இல்லை என்றால் ஆபத்து குறைவு. 40-க்குக் கீழே என்றால், கண்காணிப்பு வசதியுள்ள மருத்துவமனையில் ஆரம்பிப்பதே சரி.

கூடவே, இப்போது சாப்பிடும் மாத்திரை அட்டைகளின் போட்டோவும் வேண்டும். சம்மரியில் இருப்பது பழைய பட்டியலாக இருக்கலாம். காலையில் மாத்திரை போட்ட நேரத்தைக் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும். சார்பிட்ரேட் சட்டைப்பையில் இருக்கட்டும், வீட்டு அலமாரியில் வேண்டாம். அடுத்த செக்கப்பில் டாக்டர் மருந்தை மாற்றினால் அதையும் பிசியோதெரபிஸ்ட்டிடம் சொல்லச் சொல்லுங்கள். பீட்டா பிளாக்கர் அளவு கூடினாலோ குறைந்தாலோ, அதுவரை எழுதி வைத்த நாடிக் கணக்கை எல்லாம் முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.